தொட்டிக்குள் அடங்காத கெளுத்தி

வண்ண மீன் வளர்ப்பு பெருநகரங்களின் பொழுதுபோக்காக மட்டும் இருந்த காலம் போய்விட்டது. சென்னை கொளத்தூர்ச் சந்தையில் ஆக்சிஜன் நிரப்பிய நெகிழிப் பைகளில் கட்டப்படும் மீன்கள், சில மணி நேரத்தில் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் எட்டிவிடுகின்றன. தங்கமீன், கப்பி, மோலி, ஏஞ்சல் என்று நாம் பார்த்துப் பழகிய வரிசையில் இப்போது வேறொரு வகை மீனும் சேர்ந்திருக்கிறது. கடைக்காரர்களும் ஆர்வலர்களும் ‘மான்ஸ்டர்’ என்று செல்லமாக அழைக்கும் பெரிய வேட்டை மீன்கள் அவை. அவற்றுள் முதலிடம் பிடித்திருப்பது சிவப்பு வால் கெளுத்தி. கருத்த முதுகு, பக்கவாட்டில் பளிச்சிடும் வெள்ளைப் பட்டை, செம்மஞ்சள் வால், மூன்று இணை மீசை. மூன்று அங்குலக் குஞ்சாகத் தொட்டியின் மூலையில் அது அசையாமல் கிடக்கும்போது பொம்மை போலவே தோன்றும். விலையும் சில நூறு ரூபாய்தான்.

வாங்குகிறவர்கள் நிறம் கேட்கிறார்கள், விலை கேட்கிறார்கள், என்ன சாப்பிடும் என்று கேட்கிறார்கள். எவ்வளவு பெரிதாகும் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் “தொட்டிக்குத் தகுந்த மாதிரி வளரும்” என்பதே வழக்கமான பதில். இந்த ஒரு வாக்கியத்தின் மீதுதான் பெரிய கெளுத்தி வணிகம் முழுவதும் நிற்கிறது. அது உண்மையல்ல.

சிவப்பு வால் கெளுத்தியின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ, எஸ்ஸெக்கிபோ ஆற்றுப் படுகைகள். பிரேசிலில் அதற்குப் ‘பிரராரா’ என்று பெயர். பழங்குடி மொழியில் பஞ்சவர்ணக் கிளி மீன் என்று பொருள். வாலின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். வெள்ளக் காலத்தில் காட்டுக்குள் நீர் புகும்போது உதிரும் பழங்களையும் நண்டுகளையும் தின்னும். மற்ற காலத்தில் வாயில் அடங்கும் எந்த மீனையும் முழுதாக விழுங்கும். முழு வளர்ச்சியில் நான்கு அடியைத் தாண்டும். 50 கிலோவுக்கும் அதிக எடையுள்ள மீன்கள் தூண்டிலில் பிடிபட்டுப் பதிவாகியுள்ளன. நல்ல உணவு கிடைத்தால் முதல் ஆண்டிலேயே ஓர் அடியைக் கடந்துவிடும். முறையாகப் பராமரித்தால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்காக வாங்கிய மீன், அந்தப் பிள்ளை வேலைக்குப் போன பிறகும் உயிரோடு இருக்க வேண்டிய மீன்.

நீளத்தை வைத்து மட்டும் இதன் பளுவை உணர முடியாது. ஒரு மீனின் நீளம் இரு மடங்கானால் எடை இரு மடங்காவதில்லை. அகலமும் உயரமும் சேர்ந்து வளர்வதால் எட்டு மடங்காகிறது. மூன்று அங்குலக் குஞ்சு மூன்று அடி மீனாகும்போது நீளம் 12 மடங்கு, எடை ஏறத்தாழ 1,700 மடங்கு. தீனியும் கழிவும் எடையைப் பின்பற்றியே பெருகும். மனம் நீளத்தையே கணக்கிடுகிறது. தொட்டி எடையைச் சுமக்கிறது. தொடக்கத்தில் கிண்ணத்து நீரில் பிழைத்த உயிருக்கு இரண்டே ஆண்டுகளில் குளம் தேவைப்படுவது இதனால்தான்.

தொட்டிக்கேற்ப மீன் வளரும் என்ற நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இல்லாமல் இல்லை. சிறிய தொட்டியில் அடைத்த மீனின் வளர்ச்சி மந்தமாவது உண்மை. ஆனால் அது மீன் தன்னை இடத்துக்கேற்ப அளந்து கொள்வதால் நிகழ்வதன்று. கழிவு தேங்கிய நீரும், திரும்ப முடியாத நெருக்கடியும், பற்றாக்குறைத் தீனியும் அதை நோயாளியாக்குகின்றன. முதுகெலும்பு வளைகிறது, மூக்கும் மீசையும் கண்ணாடியில் மோதித் தேய்கின்றன, நோய் எதிர்ப்பு குன்றுகிறது. இருபது ஆண்டு வாழ வேண்டியது இரண்டு, மூன்று ஆண்டுகளில் இறக்கிறது. உணவின்றி வளர்ச்சி குன்றிய குழந்தையைப் பார்த்து, வீட்டின் அளவுக்கு ஏற்ப வளர்ந்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

எனில், ஒரு சிவப்பு வால் கெளுத்திக்கு எவ்வளவு இடம் வேண்டும்? நம் வீடுகளில் காணப்படும் ‘பெரிய’ தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்டது. கொள்ளளவு 9 கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். நான்கடி மீன் அதில் நீட்டிப் படுக்கலாம், திரும்ப முடியாது. மீன் சில முறை வாலை வீசி நீந்தவும் வளைந்து திரும்பவும் 15 அடி நீளம், 8 அடி அகலமாவது தேவை. மூன்றடி ஆழம் என்று குறைத்து வைத்தாலும் 360 கன அடி. பத்தாயிரம் லிட்டருக்குச் சற்று மேல்.

பத்தாயிரம் லிட்டர் நீரின் எடை பத்து டன். குடியிருப்புக் கட்டடங்களின் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்பட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ள அளவு. மூன்றடி ஆழ நீர் ஒரு சதுர மீட்டரில் 900 கிலோவுக்கு மேல் அழுத்தும். மாடி வீட்டில் இதற்கு இடமே இல்லை. தரைத்தளத்தில் சிமென்ட் தொட்டியாகக் கட்டினால்தான் உண்டு. கட்டிவிட்டாலும் செலவு அத்துடன் முடிவதில்லை. வாரந்தோறும் பத்தில் மூன்று பங்கு நீரையாவது மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டால், சுமார் 3,000 லிட்டர். நாளொன்றுக்கு 430 லிட்டர். நகரப் பகுதிகளில் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 135 லிட்டர் குடிநீர் வழங்க வேண்டும் என்பது அரசு ஏற்றுள்ள அளவுகோல். கிராமங்களில் ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு 55 லிட்டர். ஒரே ஒரு மீனுக்கு மூன்று நகரவாசிகளின் நீர், அல்லது ஏறத்தாழ எட்டுக் கிராமவாசிகளின் நீர். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைக்கும் ஊர்களில் இந்தக் கணக்கைக் கடைக்காரர் சொல்லாவிட்டாலும் வாங்குகிறவர் போட்டுப் பார்க்கலாம்.

நீரை ஏன் மாற்ற வேண்டும், வடிகட்டி இருக்கிறதே என்று தோன்றலாம். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. வடிகட்டியில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் கடும் நஞ்சு. நைட்ரேட்டின் நச்சுத்தன்மை குறைவு. ஆனால், வடிகட்டி நைட்ரேட்டை அகற்றுவதில்லை. நீரை மாற்றினால்தான் அது குறையும். அம்மோனியாவின் நஞ்சு நீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. நடுநிலையான 7 என்ற அளவிலிருந்து 8க்கு ஏறினால், மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. வெப்பம் கூடினால் இன்னும் உயர்கிறது. காரத்தன்மை கூடிய ஆழ்துளைக் கிணற்று நீரும், ஏப்ரல், மே மாதங்களின் வெக்கையும் உள்ள இடத்தில், அமேசானின் அமில நீரில் உருவான ஓர் உயிர் எந்த நிலையில் இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், 32 டிகிரியில் ஏழே கால் மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் மின்வெட்டு வந்து காற்றுக் குழாய் நின்றால், பெரிய மீன்தான் முதலில் திணறும்.

தீனியிலும் அறியாமை மலிந்திருக்கிறது. கோழி ஈரலும் கோழிக் குடலும் மலிவு என்பதால் போடுகிறார்கள். நிலவாழ் விலங்குகளின் கொழுப்பை மீனின் உடல் சரிவரக் கையாள்வதில்லை. ஈரலில் கொழுப்பு படிகிறது. உயிருள்ள தங்கமீன்களை வீசி, அவற்றைக் கெளுத்தி விழுங்குவதைக் காணொளியாக எடுப்பது இன்னொரு வழக்கம். தங்கமீன், கெண்டை இனங்களின் உடலில் தயமின் என்ற உயிர்ச்சத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அவற்றையே தின்று வளரும் மீனுக்கு நரம்புக் கோளாறு வரும். நோய்த்தொற்றும் அவ்வழியே நுழையும். நீரில் மூழ்கும் தரமான மாமிசத் தீனி உருண்டைகளும், வகை மாற்றிக் கொடுக்கும் மீன் துண்டுகளுமே ஓரளவு பாதுகாப்பு. வளர்ந்த மீனுக்கு வாரத்தில் இரண்டு முறை போதும். பசிக்காகத்தான் கேட்கிறது என்று நினைத்துத் தினமும் கொடுப்பவர்களே அதிகம். கெளுத்தி எப்போதும் கேட்கும். கூழாங்கல்லையும் நெகிழித் துண்டையும் கூட விழுங்கி வைக்கும்.

வளர்ந்த பிறகு

இரண்டாம் ஆண்டின் இறுதியில் தொட்டிக்காரரின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. மீனைத் திருப்பிக் கொடுக்கலாம். குஞ்சு விற்ற கடைக்காரர் இரண்டடி மீனைத் திரும்ப வாங்குவது அரிது, அவரிடமும் இடமில்லை. வேறு ஆர்வலருக்குக் கொடுக்கலாம். அவரிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கும். உயிர்க்காட்சிச் சாலைகளிடம் ஒப்படைக்கலாம் என்பார்கள். பிரிட்டனில் பொதுக் காட்சிச் சாலைகளின் கதவைத் தட்டிய இத்தகைய மீன்கள் பெருகிப் போனதால், வண்ண மீன் வணிகர்களின் சங்கமே பெரிய மீன்களை வீட்டுக்கு விற்பதற்கு எதிராகப் பிரசாரம் செய்ய நேர்ந்தது. எஞ்சியிருப்பது நான்காவது வழி. இரவில் ஒரு வாளியில் எடுத்துச் சென்று ஏரியில் விடுவது.

இதைச் செய்பவர் கெட்டவரல்லர். மீனைக் கொல்ல மனம் வராதவர் அவர். கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்கள் நாம். உயிரை நீரில் விடுவது புண்ணியம் என்ற உணர்வு ஊறிப்போயிருக்கிறது. அந்த ஈர மனம்தான் இங்கே தீங்கின் வாயிலாகிறது என்பது வருத்தத்திற்குரிய முரண்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஏரி என்பது தனித்த ஏரி அல்ல. நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலியாக அமைத்தார்கள். மேட்டு ஏரியின் கலங்கல் வழியே வழியும் நீர், அடுத்த ஊர் ஏரியின் வரத்து வாய்க்காலாகிறது. செஞ்சிப் பக்கத்து நீர் சங்கராபரணி என்ற வராக நதியாகவும், திண்டிவனம் பக்கத்து நீர் தொண்டியாறாகவும் வந்து வீடூர் அணையில் சேர்கின்றன. அணையிலிருந்து இறங்கும் சங்கராபரணி, வாய்க்கால் வழியாகப் புதுச்சேரி எல்லையிலுள்ள ஊசுட்டேரிக்கு நீர் கொடுத்துவிட்டுக் கடலைச் சேர்கிறது. திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம், வானூர் வட்டங்களில் விரிந்து கிடக்கிறது கழுவேலி. சுற்று வட்டாரத்து ஏரிகளின் உபரி நீர் சேருமிடம் அது. 2021 டிசம்பரில் சுமார் 5,150 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஓர் ஏரியில் விடும் மீனை அந்த ஏரியில் மட்டும் விடுவதாக நினைப்பது, பேருந்தில் ஏறியவர் ஏறிய இடத்திலேயே இருப்பார் என்று நினைப்பது போல.

மழைக்காலம் இந்தச் சங்கிலியை ஒரே நீர்ப்பரப்பாக்கிவிடும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், நகராமல் நின்று பெய்தது. திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. அடுத்த இரு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டு, அரசூர் அருகே சென்னை-திருச்சி தேசிய நெடுஞ்சாலையே வெள்ளத்தில் மூழ்கியது. ஏரிகள் வழிந்தன, வயலும் தெருவும் வாய்க்காலும் ஒன்றாயின. இத்தகைய நாளில் வீட்டுத் தோட்டத்துச் சிமென்ட் தொட்டியிலும், பண்ணைக் குட்டையிலும் உள்ள மீனை யாரும் தூக்கிச் சென்று விட வேண்டிய தேவையே இல்லை. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு, சாலக்குடி ஆற்றில் மீனவர்களின் வலையில் அரபைமா சிக்கியது. அமேசானின் மிகப் பெரிய மீன்களில் ஒன்று அது. எங்கோ வளர்ப்பில் இருந்தவை வெள்ளத்தோடு வெளியேறியிருந்தன.

எந்த மீன், எந்தத் தீங்கு

எல்லா அயல் கெளுத்திகளும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் பொதுவாக அச்சுறுத்துவது நேர்மையாகாது. சிவப்பு வால் கெளுத்தி வளர்ப்புச் சூழலில் தானாக முட்டையிடுவதில்லை. சந்தைக்கு வரும் குஞ்சுகள் தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டு உற்பத்தி செய்யப்படுபவை. தனியாக விடப்படும் ஒரு மீன் நம் ஏரியில் குடும்பம் பெருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால், குளிர்காலம் என்ற தடை இங்கே கிடையாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு வெளியே வடமாநிலங்களில் விடப்பட்டால் பனியில் செத்துவிடும் இந்த மீன், நம் நீரின் வெப்பத்தில் ஆண்டு முழுவதும் இரை தேடும். சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களில் இது பிடிபட்டிருக்கிறது. ஏரியில் மீன்பாசி குத்தகை எடுத்துக் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு, ஓராண்டு காத்திருக்கும் குத்தகைதாரருக்கு, இப்படி இரண்டு மூன்று மீன்கள் இருந்தாலே அது நட்டம்தான். அந்த நட்டத்துக்கு யார் காரணம் என்பது அவருக்குத் தெரியவே போவதில்லை.

பெருகிப் பரவும் இனங்கள் வேறு. ஆப்பிரிக்கத் தேளி என்று இங்கே அழைக்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தி, 1990களின் தொடக்கத்தில் அனுமதியின்றி வங்கதேசம் வழியாக நாட்டுக்குள் வந்தது. காற்றைச் சுவாசிக்கும், ஈரத் தரையில் உடலை நெளித்து அடுத்த குட்டைக்கு நகரும், எதையும் தின்னும். இதன் வளர்ப்பு 2000ஆம் ஆண்டிலிருந்து தடைசெய்யப்பட்டுள்ளது; தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2019இல் அத்தடையை வலியுறுத்தியது. ஆயினும் இறைச்சிக் கழிவைப் போட்டு இதை வளர்க்கும் குட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அழிக்கப்படும் செய்தி தமிழ்நாட்டில் இன்னும் ஓயவில்லை.

இன்னொன்று, யாரும் வேட்டை மீன் என்று எண்ணாத ‘தொட்டி துப்புரவாளர்’. கண்ணாடியில் ஒட்டிப் பாசியைச் சுரண்டுவதற்காக விற்கப்படும் உறிஞ்சு வாய்க் கெளுத்தி. இதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டு அங்குலத்தில் வாங்கினால் ஒன்றரை அடி வரை வளரும். உடல் முழுவதும் கவசம், துடுப்பில் முள். வலையில் சிக்கினால் வலை கிழியும், விலை போகாது, கொக்கும் நாரையும் விழுங்கினால் தொண்டையில் முள் மாட்டும். ஆண் மீன் முட்டையைக் காக்கக் கரையில் ஒரு மீட்டர் ஆழம் வரை வளை தோண்டும். மெக்சிகோவிலும் ஃபுளோரிடாவிலும் கால்வாய்க் கரைகள் இதனால் அரிக்கப்பட்டது பதிவாகியுள்ளது. நீர் வற்றினாலும் ஈரமான வளைக்குள் காற்றை விழுங்கிப் பல நாட்கள் உயிர் தாங்கும். மண்ணால் எழுப்பிய ஏரிக்கரைகளை நம்பி வாழும் ஒரு மாவட்டத்துக்கு இது மீன்வளச் சிக்கல் மட்டுமல்ல, கரைப் பாதுகாப்புச் சிக்கலும் ஆகும். கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி நீர்நிலைகளில் சுமார் 60 விழுக்காட்டில் இம்மீன் பரவியிருப்பதாக, ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய அறிவியலாளர்கள் நீரில் கரைந்துள்ள மரபணுத் தடயங்களை ஆராய்ந்து கண்டறிந்தார்கள். சென்னையின் ஏரிகளில் இது பழகிப்போன காட்சி.

‘ஷார்க்’ என்ற பெயரில் குழந்தைகளை ஈர்க்கும் வெள்ளி நிறத் தொட்டி மீனும் ஒரு கெளுத்திதான். சுறாவுக்கும் அதற்கும் உறவில்லை. மீகாங் ஆற்றுக்குரியது, நான்கடி வரை வளரும், ஆந்திரத்தில் உணவுக்காகப் பெருமளவில் வளர்க்கப்படுகிறது. உணவகத்தில் ‘பாசா’ என்ற பெயரில் முள்ளின்றி வரும் வெள்ளைத் துண்டும், வரவேற்பறைத் தொட்டியில் பெயர் சூட்டி வளர்க்கப்படும் மீனும் பெரும்பாலும் ஒன்றே என்பது பலருக்குத் தெரியாது. கூட்டமாகவும் வேகமாகவும் நீந்தும் இது, சிறு அதிர்ச்சிக்கும் மிரண்டு கண்ணாடியில் மோதும். ஒற்றை மீனாகத் தொட்டியில் அடைப்பது சிவப்பு வால் கெளுத்தியை அடைப்பதற்குக் குறைந்த கொடுமை அல்ல.

இத்தனைக்கும் நம் நீர்நிலைகளுக்கென்று ஒரு பெரிய வேட்டைக் கெளுத்தி உண்டு. நன்னீர் வாளை. கடலில் பிடிக்கும் நாடா போன்ற வாளையல்ல. ஏரியிலும் ஆற்றிலும் ஒரு மீட்டருக்கு மேல் வளரும் வாளை. சங்கப் பாடல்களுக்கே பழக்கமான மீன் அது. திண்டிவனத்தின் பழம்பகுதியான கிடங்கில், நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மா நாட்டின் ஊர். அக்காலத்திலும் இந்த ஏரிகளில் வாளை துள்ளியிருக்கும் என்று எண்ணுவதில் பிழையில்லை. இன்று அது உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் ‘அழிவுக்கு உள்ளாகக்கூடிய’ இனம். நீர் வற்றுதல், மாசு, மிகை மீன்பிடிப்பு ஆகியவை அதைக் குறைத்தன. வேட்டை மீன் குறைந்து காலியான இடத்தில்தான் அயல் கெளுத்திகள் எளிதாகக் கால் ஊன்றுகின்றன. அமேசான் மீனைக் காசு கொடுத்து வாங்கும் நகரத்தில், வாளை என்றால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரிந்த இளைஞர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

கடையில் தொடங்க வேண்டியது

சட்டம் என்ன சொல்கிறது? மீன் தொட்டிக் கடைகளுக்கென 2017 மே மாதம் மத்திய அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. வணிகர்களின் எதிர்ப்புக்குப் பின் சில மாதங்களிலேயே அவை திரும்பப் பெறப்பட்டன. அவ்விதிகளில் நடைமுறைக்கு ஒவ்வாதவை இருந்தன என்பது உண்மை. ஆனால், அவற்றோடு விற்பனையில் பொறுப்பு என்ற கருத்தும் போய்விட்டது. பின்னர், 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 62ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. நாட்டின் வன உயிர்களுக்கும் வாழிடங்களுக்கும் அச்சுறுத்தலாகும் அயல் இனங்களின் இறக்குமதி, வணிகம், உடைமை, பெருக்கம் ஆகியவற்றை அறிவிக்கை மூலம் ஒழுங்குபடுத்தவோ தடைசெய்யவோ மத்திய அரசுக்கு அப்பிரிவு அதிகாரம் தருகிறது. கருவி இருக்கிறது, அதைப் பயன்படுத்துவதே தேவை.

முழுத் தடையை நான் பரிந்துரைக்கவில்லை. வண்ண மீன் வளர்ப்பு ஒரு நல்ல வாழ்வாதாரம். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் அதற்கு மானியம் உண்டு. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் பயிற்சி தருகிறது. கொல்லைப்புறத்தில் மோலியும் கௌராமியும் பெருக்கி விற்கும் பெண்கள் குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் யாரும் நான்கடிக் கெளுத்தியை உற்பத்தி செய்வதில்லை. வீட்டுத் தொட்டியில் ஒருபோதும் வாழ முடியாத ஒரு சில இனங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சில்லறைக் கடையில் விற்பதை நிறுத்தினால் இந்த வணிகத்துக்கு இழப்பு மிகச் சிறிது. மற்றவற்றுக்கு, தொட்டியின் மீது ஒட்டும் விலைச் சீட்டில் இரண்டு வரிகள் கூடுதலாக இருந்தால் போதும்: முழு வளர்ச்சியில் நீளம், தேவைப்படும் நீர். மின்விசிறிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் நட்சத்திரக் குறி ஒட்ட முடிகிற நாட்டில் இது பெரிய சுமை அல்ல. விற்ற மீனைப் பாதி விலைக்காவது திரும்ப வாங்கும் கடமையைக் கடைக்கு வைத்தால், இரண்டடியில் திரும்பி வரப் போகும் குஞ்சை விற்பதற்கு முன் கடைக்காரரே யோசிப்பார். தயக்கம் பிறக்க வேண்டிய இடம் கல்லாப்பெட்டிதான். ஏரிக்கரையில் வாளியோடு நிற்பவரிடம் தயக்கத்தை எதிர்பார்ப்பது காலம் கடந்தது.

ஏற்கெனவே இம்மீனை வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? தரைத்தளத்தில் இடமும் நீரும் இருந்தால் சிமென்ட் தொட்டி கட்டலாம். இல்லையெனில், அப்படி வைத்திருக்கும் ஆர்வலர்களிடம் கொடுப்பதே முதல் வழி. இருவரும் கிடைக்காத நிலையில், கால்நடை மருத்துவரின் வழிகாட்டலில் கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் வலியின்றி உயிர் நீக்குவது, ஏரியில் விடுவதைவிட நியாயமானது. கேட்கக் கடுமையாக இருக்கலாம். ஓர் உயிரைக் காப்பாற்றியதாக எண்ணி நூறு உயிர்களின் இருப்பிடத்தில் அதை இறக்குவது அதனினும் கடுமையானது. செத்த மீனையும் சாக்கடையிலோ வாய்க்காலிலோ வீசாமல் மண்ணில் புதைக்க வேண்டும்; தொட்டி நீரையும் வாய்க்காலில் திருப்பாமல் செடிகளுக்குப் பாய்ச்சலாம், அதில் நைட்ரேட் நிறைய இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். திறந்தவெளியில் தொட்டியோ குட்டையோ வைத்திருப்போர் அதற்கு முன்பே விளிம்பைச் சுற்றித் தெரு மட்டத்துக்கு மேல் இரண்டடிக்குக் குறையாமல் சுவர் உயர்த்தி, மேலே வலை கட்டி, வழிந்தோடும் குழாயின் வாயில் கொசுவலைச் சல்லடை பொருத்திவிட வேண்டும். மழை வலுத்த பிறகு இதற்கு நேரம் கிடைக்காது என்பதை 2024 டிசம்பர் முதல் வாரத்தில் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது.